ஏழாம் நம்பர் தூக்கப்பை

மோஷி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இப்போது வரிசையாக ஒன்பது கடைகள் இருக்கின்றன. மலையேற வருகிறவர்களுக்கு, குளிரில் உள்ளே புகுந்து படுக்கிற தூக்கப்பை, கம்பளிக் கோட்டு, கைத்தடி எல்லாம் வாடகைக்குக் கொடுக்கிறார்கள். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் எனக்கு வயிற்றெரிச்சல்தான். பைகளை அமுக்கி, கயிறு போட்டு இறுக்கி, அலமாரியில் செங்கல் மாதிரி அடுக்கி வைத்திருப்பார்கள். அதில் பெருமை வேறு. போன மாதம் ஒரு கடைக்காரனிடம், தம்பி, இப்படி அடைத்து வைத்தால் ஒரே வருஷத்தில் பை செத்துப்போகும் என்று சொன்னேன். பைக்கு உயிர் இருக்கிறதா பெரியவரே என்று கேட்டான். இருக்கிறது என்றேன். சிரித்தான். ஐசியா அக்கா இருந்திருந்தால் அவன் காதைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து வந்திருப்பாள்.

நான் வெனான்சி. கிபோஷோக்காரன். மலையில் முப்பத்தோரு வருஷம் சமையல்காரனாக இருந்தவன். அதற்கு முன்னால் ஆறு வருஷம் சுமை தூக்கினேன். ஐசியா மச்சாமேக்காரி. எங்கள் இரண்டு ஊருக்கும் தாத்தா காலத்திலிருந்தே ஆகாது. சண்டையெல்லாம் எப்போதோ முடிந்துபோனாலும் வாய்ச்சண்டை மட்டும் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். புருஷன் மெரெரானிச் சுரங்கத்துக்குக் கல் தோண்டப் போனவன், அங்கேயே வேறொருத்தியோடு தங்கிவிட்டான். இரண்டு பெண் பிள்ளைகளை அவள் தனியாக வளர்த்தாள். உரியோ என்ற முதலாளியின் மலையேற்றக் கம்பெனியில் பை அறை அவள் பொறுப்பு. அந்த வேலைதான் அந்த வீட்டுக்குச் சோறு.

அந்த அறையை நினைத்தால் இப்போதும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. ஓட்டுக் கூரை, உத்தரத்தில் வரிசையாகக் கொக்கிகள். இருபத்திநாலு பைகளும் கால்மாட்டு வளையத்தில் தொங்கும், வாழைத்தார் தொங்குகிற மாதிரி. ஒன்றோடு ஒன்று உரசாது. உள்ளே இருப்பது வாத்தின் அடிவயிற்றுத் தூவி. தூவி உப்பி நின்றால்தான் அதற்குள் காற்று தங்கும், காற்று தங்கினால்தான் உடம்புச் சூடு தங்கும். பை தானாகச் சூடு தருவதில்லை, நம் சூட்டைத் திருப்பித் தருகிறது, அவ்வளவுதான் என்பாள். யாராவது ஒரு பையில் சாய்ந்து நின்றால் போதும், பிடித்துக்கொள்வாள். பையைச் சின்ன உறைக்குள் அமுக்கித் திணிப்பது மலைக்குக் கிளம்புகிற காலையில் மட்டும்தான். திரும்பி வந்ததும், எங்களுக்குத் தேநீர் ஊற்றுவதற்கு முன்னால், பைகளை உருவி வெளியே எடுத்துப் போட்டுவிடுவாள்.

ஒவ்வொரு பைக்குள்ளும் தோள் வரை கையை விட்டு முகர்ந்து பார்ப்பாள். அந்த மோப்பத்தில் எங்கள் பயணக்கதை முழுக்க அவளுக்குத் தெரிந்துவிடும். இந்த வெள்ளைக்காரர் ஈரச் சாக்ஸோடு படுத்தார், இந்த அம்மாள் மூன்றாம் முகாமில் வாந்தி எடுத்தாள், பதினோராம் நம்பரில் யாரோ பிஸ்கட் தின்றிருக்கிறார்கள். ஒரு தடவை என்னைப் பார்த்துச் சொன்னாள்: "கிபோஷோக்காரா, நீ வெங்காயத்தை வதக்காமலே சூப்புல போடறதை நிறுத்து. பத்தொம்பதாம் நம்பர் பூரா அதுதான் வாடை." எனக்கு மூக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் வெங்காயத்தை வதக்காமல் போட்டது உண்மைதான்.

அளவுகோல் எதுவும் வைத்துக்கொள்ள மாட்டாள். பையைத் தரையில் விரித்துப் போட்டு, ஒரு மணி நேரம் விட்டு, நெஞ்சுப் பக்கத்தில் கையை நட்டுப் பார்ப்பாள். ஒரு சாண் உயரம் எழும்பியிருந்தால் மேலே போகலாம். குறைந்தால் கழுவ வேண்டும். உச்சிக்குக் கீழே இருக்கிற முகாமில் விடியற்காலைக் குளிர் எப்படி என்று எங்களுக்குத் தெரியும். அந்த ஒரு சாண் அங்கே விளையாட்டில்லை.

இனி என் வண்டவாளத்துக்கு வருகிறேன்.

தொண்ணூற்று நாலாம் வருஷம், மாசிகா மழை பிடித்துக்கொண்ட ஏப்ரலில், அக்காவின் அம்மா இறந்துபோனார். அவள் மச்சாமேக்குப் போனாள். அடக்கம் முடிந்த பிறகும், அண்ணன் வீட்டில் இருந்து எல்லாக் காரியமும் முடித்துவிட்டு ஜூனில்தான் வருவாள் என்று தெரிந்தது. மழைக்காலத்தில் மலையேற யாரும் வருவதில்லை, அதனால் கம்பெனியும் தூங்கிக்கொண்டிருந்தது. மே மாதத்தில் பை அறைக் கூரை ஒழுக ஆரம்பித்தது. முதலாளி அருஷாவில் இருந்தார். சாவி என்னிடம் இருந்தது.

அக்காவுக்கு ஒரு உபகாரம் செய்யலாம் என்று நினைத்தேன். சத்தியமாக அதுதான் நினைத்தேன். அம்மாவைப் பறிகொடுத்தவள் திரும்பி வரும்போது பைகள் நனைந்து கிடக்கக் கூடாது. உத்தரத்திலிருந்து எல்லாவற்றையும் இறக்கினேன். சுமைகாரன் புத்தி எப்படிப் போகும்? எங்களுக்கு இருபது கிலோ மூட்டையைக் கொடுத்தால் அதை எவ்வளவு சின்னதாகக் கட்டுகிறோம் என்பதில்தான் மானமே. முழங்காலைப் போட்டு அமுக்கினேன், பல்லால் கயிற்றை இழுத்தேன். இருபத்திநாலு பைகளும் ஒரே தகரப் பெட்டிக்குள் அடங்கின. பூட்டிவிட்டு, அன்றைக்கு எங்கள் வாழைப்பழக் கள்ளான ம்பெகே இரண்டு குவளை குடித்தேன், நல்ல காரியம் செய்த சந்தோஷத்தில். அவற்றில் ஏழெட்டுப் பைகளில் ஏற்கெனவே சாரல் பட்டிருந்தது. அதை நான் கவனிக்கவே இல்லை.

ஜூன் முதல் வாரம் அக்கா வந்தாள், அம்மா சாவுக்குக் கட்டிய கறுப்புக் கிட்டெங்கே துணியை இடுப்பில் சுற்றியபடி. அதே நாளில் முதலாளியும் வந்தார். பத்து நாளில் பன்னிரண்டு பேர் கொண்ட கூட்டம் வருகிறது என்றார். நான் ஆசையாகப் பெட்டியைத் திறந்தேன். "பாருங்க அக்கா, இருபத்தி நாலும் ஒரே பெட்டில" என்று சொல்லிக்கொண்டேதான் திறந்தேன்.

வாடைதான் முதலில் வந்தது. பழைய ஈரத்துணி வாடை. அக்கா ஒரு பையை உருவி எடுத்துத் தரையில் விரித்தாள். ஆறின சப்பாத்தி மாதிரி கிடந்தது. ஒரு மணி நேரம் விட்டுப் பார்த்தாள். இரண்டு விரற்கடைகூட எழும்பவில்லை. கையால் தடவினால் உள்ளே தூவி கட்டிகட்டியாக உருண்டது. அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாம் அப்படித்தான். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை எனக்கு.

முதலாளி யார் இதைச் செய்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொல்லிவிட்டாள்: "அறை என்னோடது. என்னைக் கேளுங்க."

வாயைத் திறப்பதற்குள் என்று எழுதுகிறேன். பொய். திறக்க எனக்கு நிறைய நேரம் இருந்தது. அந்த ஆள் அவளை நிற்க வைத்துக் கால் மணி நேரம் திட்டினார். அம்மா செத்ததற்கு ஒன்றரை மாதமா என்றார். பாதி வழியில் மலையேற வந்தவர் யாராவது விறைத்துப்போனால் உன் பிள்ளைகளா பதில் சொல்லும் என்றார். பத்தாம் நாள் வந்து பார்ப்பேன், இருபத்தி நாலும் எழும்பியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் என் மச்சினி இந்த அறையைப் பார்த்துக்கொள்வாள் என்றார். நான் மூலையில் நின்றேன். அந்த வருஷம்தான் எனக்குச் சமையல் வேலை நிரந்தரமாகியிருந்தது. ஒரு வார்த்தை பேசினால் அது போய்விடும் என்ற பயம்.

அவர் போனதும் அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பைகளை நான்கு சாக்கில் தளர்வாகப் போட்டாள். வேனில் ஏற்றிக்கொண்டு மச்சாமேக்குக் கிளம்பிவிட்டாள்.

எங்கள் மலையில் இசாலே என்று ஒரு செடி உண்டு. வேலிக்கும் அதுதான், கல்லறை ஓரத்துக்கும் அதுதான். தப்புச் செய்தவன் அதன் இலையை முடிச்சுப் போட்டு எடுத்துப் போய் நீட்டினால் எதிராளி தள்ளக் கூடாது. கொலைப் பகைகூட அந்த இலைக்கு முன்னால் அடங்கியிருக்கிறது. மறுநாள் காலையில் எங்கள் வேலியில் நீளமாக ஒன்று வெட்டினேன். முடிச்சுப் போட்டேன். மச்சாமே மண்ணில் ஒரு கிபோஷோக்காரன் கையில் இசாலேயோடு நடந்து போனால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வழியெல்லாம் கிழவர்கள் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

அக்கா அவள் அண்ணன் வீட்டுப் பின்கட்டில் இருந்தாள். காப்பிக் கொட்டையை ஊறவைக்கிற சிமெண்டுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். இலையை நீட்டினேன். ஈரக் கையோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"பையைக் கெடுத்ததுக்கு எனக்குக் கோவம் இல்ல. அமுக்கறது உன் தொழில், உனக்கு வேற என்ன தெரியும்? அந்தாளு என்னைப் பேசறப்போ நீ கம்பமாட்டம் நின்ன பாரு, அதுக்குத்தான்."

"தப்புதான் அக்கா. மன்னிச்சுடுங்க."

"இலையைத் தள்ள முடியாதுன்னு தெரிஞ்சுதானே கொண்டாந்திருக்க. என் கையில தராத. அந்தக் காப்பி மேஜைக் கால்ல கட்டு. பை எழும்பட்டும், பாக்கலாம்."

கட்டினேன். போ என்று அவள் சொல்லவில்லை, அதனால் சட்டையைக் கழற்றிவிட்டுத் தொட்டியில் இறங்கினேன்.

குழந்தைகளுக்குத் தேய்க்கிற சோப்பைத் துருவி வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்தாள். ஒரு தடவைக்கு நாலு பை. உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி எடுக்க வேண்டும். முறுக்கக் கூடாது, அடிக்கக் கூடாது. நுரை போகிற வரைக்கும் வாய்க்கால் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும். ஆறு தண்ணீர், ஏழு தண்ணீர் ஆனது. சோப்பு கொஞ்சம் தங்கினாலும் தூவி ஒட்டிக்கொள்ளுமாம். அக்கா சொன்ன ஒரே எச்சரிக்கை, ஈரப்பையை ஒரு முனையைப் பிடித்துத் தூக்காதே என்பதுதான். அடியில் இரண்டு கையையும் கொடுத்து, பிறந்த குழந்தையைத் தூக்குகிற மாதிரி எடு என்றாள்.

இரண்டாம் நாள் அதையும் கோட்டைவிட்டேன். அவசரம். என் பலத்தைக் காட்டுகிற புத்தி. ஏழாம் நம்பரைத் தலைமாட்டில் பிடித்து ஒரே தூக்காகத் தூக்கினேன். ஈரத் தூவி கல்லாகக் கனக்கும் என்று யாருக்குத் தெரியும்? உள்ளே டர்ரென்று கிழிகிற சத்தம் கேட்டது. தூவி இடம் மாறாமல் இருக்க உள்ளே தடுப்புத் துணி தைத்திருப்பார்கள், அது நாலைந்து இடத்தில் விட்டுப்போய்விட்டது. மொத்தத் தூவியும் கால்மாட்டுக்குச் சரிந்தது. அக்கா திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அடியில் இரண்டு கையையும் கொடுத்துப் பையை என்னிடமிருந்து வாங்கி, தானே கொண்டுபோய் மேஜையில் கிடத்தினாள்.

காயவைக்கத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தாள். ஜூனில் மோஷியில் பாதி நாள் மேகம். துணியைக் கொடியில் போட்டால் மூன்று நாளானாலும் நசநசப்புப் போகாது. மச்சாமேயில் அண்ணன் வீட்டில் காப்பி உலர்த்துகிற கம்பிவலை மேஜைகள் பதினாறு இருந்தன, இடுப்பு உயரம், மேலேயும் காற்று, கீழேயும் காற்று. அறுவடைக்கு இன்னும் இரண்டு வாரம். அண்ணன் முணுமுணுத்தார், அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. காப்பிக் கொட்டையை எப்படி உலர்த்துவார்களோ அப்படியே பைகளையும் உலர்த்தினாள். வெயில் ஏறினால் மேலே சாக்குப் பந்தல். மணிக்கொரு தரம் திருப்பிப் போடுவது. பொழுது சாயும் முன்னால், பனி இறங்குவதற்குள், கூரைக்குள்ளே கொண்டுபோவது. நடுவில் ஒவ்வொரு பையையும் விரலால் தடவி, கட்டியைத் தேடிப் பிடித்து, துணிக்கு மேலாகவே நெருடிப் பிரிக்க வேண்டும். ஒரு பையில் நூறு கட்டி இருக்கும். நாலாம் நாள் என் விரல் நுனியெல்லாம் மரத்துவிட்டது.

அந்த நாலாம் நாள் மத்தியானம் நான் வாழைக்காயும் எலும்பும் போட்டு ம்தோரி காய்ச்சினேன். வெங்காயத்தை வதக்கிப் போட்டேன். அக்கா ஒரு கிண்ணம் குடித்துவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டாள். அப்போது மேஜை மேல் மூன்றாம் நம்பர் பை லேசாக அசைந்தது. காற்று இல்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் வயிறு கொஞ்சம் எழும்பியது. அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். அம்மாவை அடக்கம் செய்த அதே தோட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தோம். எதற்கு அழுதாள் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் கண் கலங்கியது, சொல்வதற்கு என்ன வெட்கம்.

ஆறாம் நாள் காலையில் ஏழாம் நம்பரும் காய்ந்தது. அக்கா என்னை ரோட்டுக் கடைக்கு நூல் வாங்க அனுப்பினாள். சிவப்பு நூல்தான் இருந்தது. வாங்கி வந்து கொடுத்தேன். பையையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நானும் வருகிறேன் என்றதற்கு, நீ மூச்சு விட்டாலே தூவி பறக்கும், வெளியே கிட என்றாள். அரை நாள் ஆயிற்று. தையலைப் பிரித்து, தடுப்பை ஒட்டுப்போட்டு, தூவியைக் கையால் அள்ளி அந்தந்தத் தடுப்புக்குள் வைத்து, மூடித் தைத்துக் கொண்டுவந்தாள். இடது விலாப்பக்கம் முழுக்கச் சிவப்புத் தையல் ஓடியது.

அன்று சாயங்காலம் பைகளை உள்ளே எடுக்கும்போது பார்த்தேன். மேஜைக் காலில் இசாலே இலை இல்லை.

எங்கே அக்கா என்று கேட்டேன். "ஆடு தின்னிருக்கும்" என்றாள், முகத்தைத் திருப்பாமலே. ஆடு அந்தப் பக்கம் கட்டிக் கிடந்தது, கயிறு இங்கே எட்டாது. எடுத்து எறிந்துவிட்டாள் என்று புரிந்தது. ஏழாம் நம்பரைக் கிழித்தவனுக்கு இலை ஒரு கேடா என்று எறிந்துவிட்டாள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பத்தாம் நாள் மோஷியில் பை அறைத் தரையில் எல்லாவற்றையும் விரித்தோம். ஒரு மணி நேரம் கழித்து முதலாளி வந்தார். அக்கா ஒவ்வொன்றாகக் கையை நட்டுக் காட்டினாள். ஒரு சாண், ஒரு சாண், ஒன்றிரண்டு ஒரு சாணுக்கு மேலேயே. இருபத்திமூன்று எழும்பி நின்றன. ஏழாம் நம்பர் நடுவில் எழும்பியது, இடது பக்கம் அரைச் சாணோடு நின்றுவிட்டது.

முதலாளி அந்தச் சிவப்புத் தையலைக் காலால் தொட்டுப் பார்த்தார். இருபத்திநாலு என்றுதான் நான் சொன்னேன் என்றார். அக்கா சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"அமுக்கி வெச்சது நான்தாங்க" என்றேன். "கிழிச்சதும் நான்தான். அமுக்கினப்போ அக்கா ஊர்லயே இல்ல."

"அன்னிக்கு ஏன்யா சொல்லல?"

"பயந்துட்டேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பருவம் முழுக்க எனக்குச் சமையல் கிடையாது, மறுபடி மூட்டை தூக்கு, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். அக்காவைப் பார்த்துச் சாவியை இடுப்பிலேயே வைத்துக்கொள் என்றார். ஏழாம் நம்பரைக் குப்பையில் போடச் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா குப்பையில் போடவில்லை. சுருட்டி என் மேல் எறிந்தாள். மூட்டை தூக்குகிறவனுக்குத்தான் குளிர் அதிகம், எடுத்துக்கொண்டு போ என்றாள். அந்தக் காலத்தில் சுமைகாரர்களுக்கு ஏது தூக்கப்பை? போர்வையைச் சுற்றிக்கொண்டு ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு படுப்போம். நான் மட்டும் ராஜா மாதிரி படுத்தேன். அவள் மன்னித்துவிட்டாள் என்று அப்போது தெரிந்தது. வாயைத் திறந்து உண்மையைச் சொன்னேனே, அதற்குக் கிடைத்த கூலி என்று நினைத்துக்கொண்டேன். அந்த எண்ணத்தில் எனக்கு ஒரு கர்வமும் இருந்தது.

அடுத்த வருஷம் சமையல் வேலை திரும்பக் கிடைத்தது. பை என்னோடே இருந்தது. ஒவ்வொரு ஜூனிலும் அக்கா அதை வாங்கிப் போய்க் கழுவி உலர்த்தித் தருவாள். சிவப்புத் தையலை மட்டும் ஒருநாளும் பிரிக்கவில்லை. இடது விலாப்பக்கம் எப்போதும் கொஞ்சம் குளிரும், அதனால் அந்த இடத்தில் வலது கையை வைத்துக்கொண்டு தூங்கப் பழகினேன். கை வைத்தால் உள்ளே ஏதோ சரசரக்கும். அதை அவளிடம் சொல்லாத வருஷமே இல்லை. கழுவும்போது குப்பையை உள்ளே விட்டுத் தைத்துவிட்டீர்கள் என்பேன்.

"அது பை இல்ல, உன் விலா எலும்பு. கிபோஷோக்காரனுக்கு உள்ள இருக்கறதெல்லாம் வெளியில கேக்கும்" என்பாள்.

இருபத்திரண்டு வருஷம் இதே பேச்சு, இதே பதில். பிறகு அவள் படுத்தாள். சர்க்கரை நோய். அம்மாவுக்குப் பக்கத்திலேயே, அதே வாழைத்தோட்டத்தில் வைத்தோம். சுற்றி இசாலே நட்டார்கள். அவள் பெண்கள் இரண்டு பேரும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நான் அன்றைக்கு அழவில்லை. வீட்டுக்கு வந்து, உத்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்த ஏழாம் நம்பரைப் பார்த்ததும்தான் வந்தது.

போன கிறிஸ்துமஸுக்கு எலி அதில் ஓட்டை போட்டுவிட்டது, சரியாகத் தையல் பக்கத்தில். ஒட்டுப்போட வேண்டுமானால் பிரித்தாக வேண்டும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஜன்னலைச் சாத்திவிட்டு, சிவப்பு நூலை ஒவ்வொன்றாக அறுத்தேன். தூவிக்கு நடுவில் உள்ளங்கை நீளத்துக்குத் துணிப்பை ஒன்று தைத்து வைத்திருந்தது. அவள் அம்மா சாவுக்குக் கட்டியிருந்த அந்தக் கறுப்புக் கிட்டெங்கே துணி. பிரித்தேன். உள்ளே காய்ந்து நொறுங்கின இலைத்தூள், நடுவில் கட்டையாக ஒரு முடிச்சு. அந்த முடிச்சை நான் எங்கே கண்டாலும் கண்டுபிடிப்பேன். நான் போட்டது.

அது எப்போது தைத்தது என்று கணக்குப் பார்க்க எனக்கு ரொம்ப நேரம் பிடிக்கவில்லை. ஆறாம் நாள். முதலாளி முன்னால் நான் வாயைத் திறந்தது பத்தாம் நாள்.

தூளையும் முடிச்சையும் அந்தத் துணியிலேயே மூடி, எடுத்த இடத்திலேயே வைத்துத் தைத்தேன். கடையில் நீல நூலும் பச்சை நூலும் இருந்தன, சிவப்பே வாங்கினேன். தையல் கோணல்மாணலாக வந்திருக்கிறது, அவள் பார்த்தால் சிரிப்பாள். இருபத்திரண்டு வருஷம் மலையில் ஒவ்வொரு இரவும் அந்த இலையின் மேல் கையை வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன், சத்தம் போடுகிறதே என்று திட்டிக்கொண்டு.